நிரலாக்கக் கல்வியும் மொழி என்னும் சாக்கும்

கணனிக்கு நிரல் எழுதுதல் ஆங்கிலம் அறிந்தோர்க்கே கைவரும் என்னும் கருத்து நம் விஞ்ஞான, பொறியியற் பீடங்களில் ஒரு நம்பிக்கையாகவே வேரூன்றிவிட்டது. தமிழ்மொழி மூலம் உயர்தரம் பயின்று, இணைந்த கணிதத்திலும் பௌதிகவியலிலும் சிறந்த பெறுபேறு பெற்றுவரும் மாணவன் முதலாம் ஆண்டு நிரலாக்கத்திற் பின்தங்கினால், குற்றம் அவன் மொழியின்மீது சுமத்தப்படுகின்றது.

அறிமுகப் பாடங்களிற் பெருவழக்காயுள்ள பைதன் மொழியின் ஒதுக்கிய சொற்கள் 35 மட்டுமே. நன்னூற் சூத்திரங்களை மனனஞ் செய்து பழகிய சமூகத்துக்கு இவை ஒரு சுமையா?

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. இரண்டின் வர்க்கமூலம் காண வேண்டும் எனக் கொள்வோம். அது 1க்கும் 2க்கும் இடையில் உள்ளது. நடுவெண் 1.5, அதன் வர்க்கம் 2.25, வேண்டியதிலும் பெரிது. ஆகவே விடை 1க்கும் 1.5க்கும் இடையில். மீண்டும் நடுவெண் 1.25, வர்க்கம் 1.5625, சிறிது. ஆகவே 1.25க்கும் 1.5க்கும் இடையில். இவ்வாறு பத்து முறை பாதியாக்கினால் இடைவெளி ஆயிரத்தில் ஒன்றிலும் குறுகிவிடும். எவ்வளவு வழுவைப் பொறுக்கலாம், எப்போது நிறுத்துவது என்பனவற்றையுங் கூறிவிட்டால் வழிமுறை முற்றுப்பெறும். இதனைத் தாய்மொழியிற் சொல்லத் தெரிந்தவனுக்கு எஞ்சுவது பத்து வரி எழுத்து வேலை. சொல்லத் தெரியாதவன், ஆங்கிலப் புலவனேயாயினும், அயலவன் நிரலைப் பிரதி செய்வதன்றி வேறு செய்யான்.

ஆங்கிலம் அறிந்தோரும் வழுவினர். 1991 பெப்ரவரி 25இல் சவூதி அரேபியாவின் தஹ்ரானில், அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணைத் தொகுதி எதிர்வந்த ஸ்கட் ஏவுகணையை மறிக்கத் தவறியது. 28 படையினர் மாண்டனர். செக்கனின் பத்திலொரு பங்கு துவித எண்முறையில் முடிவுறாப் பின்னமாகும். அதனை 24 பிற்றுகளுள் வெட்டி அடக்கியதால் எழுந்த நுண்ணிய வழு, ஏறத்தாழ நூறு மணி நேர ஓட்டத்தில் 0.34 செக்கனாகத் திரண்டது. அங்கு பிழைத்தது இலக்கணமன்று. எண்ணைப் பற்றிய சிந்தனை.

இனி, ஒதுக்கிய சொற்களைத் தமிழாக்கிவிட்டால் யாவும் சித்திக்கும் என முழங்குவோரும் நம்மிடை உளர். 2008இல் வெளிவந்த பைதனின் மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் தமிழ்ப்பெயர் இடலாம். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் உண்டு. வரவேற்கத்தக்கவையே. எனினும் ‘வேகம்’ எனப் பெயரிட்ட மாறியின் அலகு யாதெனக் கேட்கத் தெரியாத மாணவனுக்கு அப்பெயரால் விளையும் பயன் என்ன? இவர்களும் முன்னையோரைப் போலச் சொல்லையே பொருளெனக் கொள்கின்றனர்.

மேலைத்தேய மருத்துவத்தையே 1860களில் யாழ்ப்பாணத்திலே தமிழிற் கற்பித்தார் வைத்தியர் சாமுவேல் கிறீன். சத்திர சிகிச்சையைச் சுமந்த மொழி வர்க்கமூலத்தைச் சுமவாதோ?

மூவின மாணவரும் ஒருங்கிருக்கும் விரிவுரையை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டியிருத்தல் உண்மை. கைநூல்களும் தொழிற்களமும் ஆங்கிலத்தில் இருத்தலால் அம்மொழியைக் கற்றேயாகவும் வேண்டும். ஆனால் பயிற்சி வகுப்புக்கு அந்நியதி இல்லை. தமிழறிந்த போதனாசிரியர் ஒருவர், முதற்பருவத்திலே வாரத்துக்கு ஒரு மணி நேரம், மாணவரைத் தம் வழிமுறையைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லச் செய்தல் இயலாததன்று. அதற்குக் கணனிகூட வேண்டியதில்லை. தாளும் பென்சிலும் போதும்.