இசைப் பொறிகளும் நம் செவிகளும்

மக்கள் வாழ்க்கையில் வந்து புகுந்த பொறிகள் பலவற்றுள், இசைப் பொறியைப்போல் விரைவிற் பழகிப்போனது பிறிதொன்று இல்லை எனலாம். நெய்யும் பொறியும் அரைக்கும் பொறியும் நமது உழைப்பை மாற்றின. இசைப் பொறியோ நமது ஓய்வை மாற்றிற்று. ஒரு சமூகத்தார் எவ்வாறு உழைக்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்தம் செல்வ நிலையை அறியலாம்; எவ்வாறு ஓய்வு கொள்கின்றனர் என்பதைக் கொண்டு அவர்தம் மனநிலையை அறியலாம். ஆதலின், இப்பொழுது நம் மாணாக்கர் கைகளில் விளங்கும் கைப்பேசியையும், அதன் வழியே பாட்டுக்களை வழங்கும் இணைய இசைச் சேவைகளையும் குறித்து எமது கருத்தைச் சிறிது கூற விரும்புகின்றோம். இவற்றை முற்றும் பழிப்பாரும் உளர். முற்றும் புகழ்வாரும் உளர். யாம் அவ்விரு சாராருள் எவரோடும் சேர்ந்தோமல்லேம்.

இசையைப் பிடித்து வைக்கும் முயற்சி நமது நாட்டுப்புறத்திற்குப் புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் எட்டயபுரத்திற் காலமானார். அவர் குடும்ப வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், அதே எட்டயபுரத்தில் 1904ஆம் ஆண்டில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலை அச்சேற்றி, அதுகாறும் வாய்வழியே வந்த உருப்படிகளைச் சுரக்குறிப்பினாற் காத்தார். தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையிற் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த ஆபிரகாம் பண்டிதர் 1917ஆம் ஆண்டில் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டார். ஏட்டினாற் காத்தது இவர்கள் செயல்.

ஒலியையே காக்கும் பொறியை எடிசன் 1877ஆம் ஆண்டில் அமைத்தார். பெர்லினர் என்பார் தட்டு வடிவாய கிராமபோனை 1887ஆம் ஆண்டிற் கண்டார். 1902ஆம் ஆண்டில் இலண்டன் கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவுக்கு ஆளனுப்பி நம் நாட்டுப் பாட்டுக்களைத் தட்டிற் பதிந்தனர். பின்னர் நம் பக்கத்துச் செங்கோட்டையிற் பிறந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் தட்டில் ஏறிற்று. அவர் 1933ஆம் ஆண்டில் மிக இளமையிலேயே மறைந்தார், குரலோ மறைந்திலது. அதன்பின் சென்னை வானொலி நிலையம் 1938ஆம் ஆண்டிலும், திருநெல்வேலி நிலையம் 1963ஆம் ஆண்டிலும் தோன்றின. ஒலிநாடா, குறுந்தகடு, 2001ஆம் ஆண்டில் வந்த ஐபாடு என ஒன்றன்பின் ஒன்றாய் வந்தவை பல. 2019ஆம் ஆண்டில் ஸ்பாட்டிஃபை என்னும் அயல்நாட்டுச் சேவையும் இந்தியாவிற்கு வந்து சேர்ந்தது.

இவற்றால் விளைந்த நன்மையை மறுப்பது நன்றியின்மையாகும். முற்காலத்துக் கிராமபோன் பெரும்பாலும் செல்வர் இல்லத்துக் கூடத்திலேயே இருந்தது. இன்று பொதிகை அடிவாரத்துச் சிற்றூரில் ஆடு மேய்க்கும் சிறுவனும் கிட்டப்பாவைக் கேட்கலாம். சேரன்மாதேவியை அடுத்த காருகுறிச்சியில் தோன்றிய அருணாசலம் அவர்களின் நாதஸ்வரத்தை, அவர் காலமாகி அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும், அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே கேட்கலாம். சாதியும் செல்வமும் தடுத்த வாயில்களைப் பொறி திறந்துவிட்டது. இதனை யாம் பெரும்பேறாகவே கொள்ளுகின்றோம்.

எனினும், வாயில் திறந்தவுடன் வீட்டினுள் இருப்பனவெல்லாம் நமக்குக் கிட்டிவிட்டன என எண்ணலாகாது. எமது மனத்தை வருத்தும் செய்திகள் மூன்று உள.

முதலாவது, காலவளவு. பழைய பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். அதனால் வித்துவான்கள் ஆலாபனையைச் சுருக்கினர், நிரவலை விட்டனர், தட்டின் அளவே பாட்டின் அளவாயிற்று. இணைய இசைச் சேவைக்கோ அத்தகைய இடமுடை ஒன்றுமில்லை. விடிய விடியப் பாடினும் அது தாங்கும். ஆனால் அதன் கணக்குப் புத்தகம் வேறொரு சுருக்கத்தை உண்டாக்கிவிட்டது. ஸ்பாட்டிஃபையின் கணக்கில் முப்பது வினாடி கேட்டால் அது ஒருமுறை கேட்டதாகும். மூன்று நிமிடப் பாட்டுக்கும் முப்பது நிமிடப் பாட்டுக்கும் ஒருமுறை என்பது ஒருமுறையே. மேலும், 2024ஆம் ஆண்டின் தொடக்கமுதல், முந்திய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பதிவுக்கு அப்பதிவின் பேரால் ஊதியம் இல்லை என்றும் விதித்தனர்.

இவ்விதியை நமது வில்லுப்பாட்டோடு பொருத்திப் பார்மின்! தாமிரபரணிக் கரைநெடுகக் கொடை விழாக்களில் வில்லடிப்பது இரவு முழுதும் நடைபெறுவது. முத்துப்பட்டன் கதையாயினும் சுடலைமாடன் கதையாயினும், அண்ணாவி வீசுகோலை எடுத்து வில்லின் மணிகளை ஒலிப்பித்து, குடமும் உடுக்கையும் தாளமும் உடன்வரக் கதையைத் தொடங்கி, கூட்டத்தின் முகம் பார்த்து நீட்டியும் குறுக்கியும் நடத்திச் செல்வார். பின்பாட்டுக்காரர் ‘ஆமா’ என ஏற்றுச் சொல்வர். கோமரத்தாடிக்கு அருள் வருங்கால் பாட்டின் விரைவு ஏறும், தணியுங்கால் இறங்கும். இதனுள் எந்த முப்பது வினாடியைப் பிரித்தெடுப்பது? ஓரூருக்கு உயிரினும் இனிய ஒரு கதையை ஆண்டில் எண்ணூறு பேர் கேட்பரேல், அது கேட்கப்பட்டது ஆகாதோ? பொறிக்கு இடம் உண்டு. பொறியை ஆள்வாரது கணக்கில் இடம் இல்லை. குறை கருவியின்பாலது அன்று, அதனை வாணிகம் ஆக்கிய முறையின்பாலது என்பதை நாம் பகுத்தறிதல் வேண்டும்.

இரண்டாவது, பெயர். 1902ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பாடிய கௌஹர் ஜான் என்னும் பெண்மணி, பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். தட்டை ஜெர்மனி தேசத்தில் வார்க்கும் தொழிலாளர்க்குப் பாடியவர் இன்னார் எனத் தெரியவேண்டும் என்பதே அதன் நோக்கம் என்பர். நமது தேவாலயங்களிற் பாடும் கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். பாட்டின் தலைப்பிலேயே இராகமும் தாளமும் அச்சிடப்பட்டிருக்கும். திருநெல்வேலியில் 1774ஆம் ஆண்டிற் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றாருடைய பாடல்கள் இன்றளவும் மெட்டு மாறாது பாடப்படுவதற்கு அவ்விரண்டு சிறு சொற்களும் ஒரு காரணமாம். கைப்பேசித் திரையிலோ பாடகர் பெயரும் படத்தின் பெயருமே முன்னிற்கின்றன. இயற்றியவர் யார், மெட்டமைத்தவர் யார், தவில் வாசித்தவர் யார், இராகம் யாது என்பவற்றை வேண்டுவோர் தேடியே காணவேண்டும். தேடினும் பல பதிவுகளிற் கிடைப்பதில்லை. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ என்னும் படத்தின் புகழ்பெற்ற பாட்டில், எஸ். ஜானகி அவர்களின் குரலுக்கு ஈடாய் நின்றது காருகுறிச்சியாரின் நாதஸ்வரம். அதனை அறியாமல் அப்பாட்டைக் கேட்கும் நெல்லை மாணவன், தன் பாட்டனார் கட்டிய வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவனை ஒப்பான்.

மூன்றாவது, உடைமை. முன்னாளில் தட்டு வாங்கியவன் அத்தட்டுக்கு உரியவன்; தன் மகனுக்குக் கொடுப்பான்; நண்பனுக்கு இரவல் தருவான். மாதச் சந்தா செலுத்திப் பாட்டுக் கேட்பவன் எதற்கும் உரியவன் அல்லன். சந்தா நின்றால் பாட்டும் நிற்கும். சந்தா நில்லாதபோதும் சேவையே நின்றுபோவதுண்டு. கூகிள் கம்பெனியாரின் பிளே மியூசிக் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நம் நாட்டு ஏர்டெல் கம்பெனியாரின் விங்க் மியூசிக் 2024ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பல நாள் தேடித் தொகுத்துவைத்த பாட்டு வரிசைகளை அன்பர்கள் வேறிடம் பெயர்க்கவேண்டி வந்தது. முற்காலக் கிராமபோன் கம்பெனியின் வழிவந்த சரிகம நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டிற் காரவான் என்னும் ஒரு பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். பழைய ரேடியோவின் வடிவில், ஐயாயிரம் பழம்பாட்டுக்களை உள்ளடக்கிய அப்பெட்டிக்குப் பாட்டுக் கேட்க இணையம் வேண்டியதில்லை. முதியோர் பலர் அதனை விரும்பி வாங்கியதன் காரணம் பழமைப் பற்று ஒன்றே என யாம் கருதவில்லை. திருகினாற் பாடும், நாளையும் பாடும் என்னும் உறுதிப்பாடே அவர்கள் வேண்டியது. ஆயினும் அப்பெட்டியிலும் தேர்ந்தெடுத்தவர் கம்பெனியாரே. நம் ஊர் வில்லுக்கு அதிலும் இடம் தேடவேண்டியதே.

செவியின் நலத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார நிறுவனத்தார், 80 டெசிபல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்றும், 90 டெசிபல் ஆயின் வாரத்திற்கு 4 மணி நேரமே தகும் என்றும் கூறுகின்றனர். ஒலியைச் சிறிது ஏற்றினால் கேட்கத்தகும் காலம் பத்தில் ஒன்றாய்க் குறைந்துவிடுகிறது! பேருந்தின் இரைச்சலை வெல்லுதற்பொருட்டு இயர்போனின் ஒலியை உச்சத்தில் வைப்பார் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. புளோரன்ஸ் சுவென்சன் அம்மையார் செவிப்புலன் இல்லாச் சிறார்க்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளி தொடங்கிய பாளையங்கோட்டையில், செவியின் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இங்குச் சிலர், “இரவு முழுதும் விழித்து வில்லுப்பாட்டுக் கேட்க இக்காலத்தாருக்கு நேரம் ஏது? காலத்தோடு கலை மாறுவது இயல்பன்றோ?” என வினவலாம். மாறுவது இயல்பே. கேட்போர் விரும்பி மாற்றிய மாற்றத்தை யாம் எதிர்ப்பதில்லை. ஆனால், கேட்டறியாத ஒன்றை எவரும் விரும்பவும் இயலாது, வெறுக்கவும் இயலாது. நம் விடுதி மாணாக்கருள் முத்துப்பட்டன் கதையை முழுமையாய்க் கேட்டவர் எத்தனை பேர்? அடுத்து என்ன கேட்பது என்பதைப் பெரிதும் நாம் முன்பு கேட்டவற்றைக்கொண்டு பொறி தீர்மானிக்கின்றது. ஆதலின் ஒருமுறையும் கேளாத வகை எளிதில் எதிர்ப்படாது. காலம் அதனை மாற்றிற்று எனல் தகாது. நாம் அதனைச் சந்திக்கவே இல்லை என்பதே உண்மை.

ஆகவே நம் கலாசாலைக்கு யாம் கூறும் யோசனைகள் இவை. விடுதிகளில் வாரத்தில் ஒரு மாலை, அனைவரும் ஒருங்கிருந்து ஒரு கச்சேரியையேனும் ஒரு கதையையேனும் தொடக்கமுதல் இறுதிவரை கேட்டல் வேண்டும்; இதற்குச் செலவு ஒன்றுமில்லை, பொறுமையே வேண்டுவது. அடுத்து, விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்கர், தம் ஊரில் வில்லுப் பாடுவோர், கும்மிப் பாட்டறிந்த மூதாட்டியர், பழைய கீர்த்தனை மெட்டறிந்த உபதேசியார் ஆகியோரை அணுகி, அவர்தம் சம்மதம் பெற்றுத் தம் கைப்பேசியிலேயே பதிவு செய்க. பாடியவர் பெயர், ஊர், நாள், மெட்டு ஆகியவற்றைப் பதிவின் முதலிலேயே பேசிச் சேர்த்திடுக. ஒரு படி கலாசாலை நூல்நிலையத்திலும், மற்றொன்று வேறோர் இடத்திலும், இன்னொன்று பாடியவர் இல்லத்திலும் இருக்கவேண்டும். அவர் இசைவின்றி இணையத்தில் ஏற்றலாகாது. மூன்றாவதாக, கல்லூரி நாள் விழாவிற்கு ஒரு வில்லுப்பாட்டுக் குழுவினரை அழைத்து, சினிமா மெல்லிசைக் குழுவினர்க்கு அளிக்கும் ஊதியத்தையே குறையாது அளித்தல் வேண்டும். கலையைப் புகழ்ந்து கலைஞனுக்குக் கூலி குறைப்பது, இணையக் கம்பெனியார்பால் நாம் கண்ட குற்றத்தை நாமே செய்வதாகும்.

இஃது ஒரு கலாசாலையால் ஆகக்கூடியதோ எனின், ஆகும். பாளையங்கோட்டையில் வாழ்ந்த பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள், நண்பர்கள் பலர் ஊர்தோறும் சேகரித்து உதவிய பாடல்களைத் தொகுத்து, 1964ஆம் ஆண்டில் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ என வெளியிட்டார். இன்று நம் மாணாக்கர் சட்டைப் பையில் உறங்கும் கருவி அன்று அவர்களுக்கு வாய்த்ததில்லை. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியார் நாட்டார் வழக்காறுகளைப் பாடமாக்கி ஆராய்ந்ததும் நமக்கு வழிகாட்டியாகும்.

மாணாக்கரே! உங்கள் கையிலுள்ள பொறி கேட்கவும் செய்யும், பதியவும் செய்யும். கேட்கும் தொழிலை மட்டுமே அதற்குக் கொடுத்து, பதியும் தொழிலைக் கம்பெனியார்க்கு விட்டுவிட்டீர்கள். வரும் பங்குனி, சித்திரைக் கொடைகளுக்கு ஊர் செல்லும்போது, ஓரிரவேனும் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு வில்லடியின் எதிரே அமருங்கள். முடிவில் அண்ணாவியை அணுகி அவர் பெயரையும், அவர்தம் ஆசிரியர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு மலரில் அப்பெயர்களின் வரிசையை அச்சிட இடம் ஒதுக்கித் தருமாறு ஆசிரியர் குழுவினரை இப்பொழுதே வேண்டிக்கொள்ளுகின்றோம்.