மலைச் சாலையில் மாடு ஏற்றும் லாரி

வெள்ளக்கடை போன்ற சேர்வராயன் மலைச் சிற்றூர்களில் சிறு விவசாயிக்கு ஒரு கறவை மாடே பெரும் சொத்து. அதை விற்கவோ வாங்கவோ ஏற்காடு – சேலம் சாலை வழியே கொண்டு சென்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். வாடகை மிச்சம் என்று மாடுகளை நெருக்கி ஏற்றினால், வளைவில் ஒன்று சாய்ந்து விழும். எழ இடமின்றி மற்ற மாடுகளின் காலில் மிதிபடும். கால் ஒடிந்தாலோ சினை கலைந்தாலோ, மிச்சம் பிடித்த வாடகை அந்த நஷ்டத்துக்கு ஈடாகாது.

1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. 2016 முதல் நடப்பிலுள்ள மோட்டார் வாகன விதி, மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர், அதாவது சுமார் 21½ சதுர அடி இடம் வேண்டும் என்கிறது. 8 அடி நீளம், 5 அடி அகலமுள்ள சிறு வண்டியின் தளம் 40 சதுர அடியே. இரண்டு மாடுகளுக்கே போதாத அந்த இடத்தில் மூன்றை ஏற்றுவது தகுமா?

அண்டை அயலார் கூடிச் சற்றுப் பெரிய லாரியாகப் பேசி, வாடகையைப் பங்கிட்டுக் கொள்வதே மேல். தளத்தில் வழுக்காதபடி தேங்காய் நார்ப் பாய் விரிக்க வேண்டும். மாடுகள் என்ஜினை நோக்கி நிற்க வேண்டும். மூக்கணாங்கயிற்றில் கட்டாமல் கழுத்துக் கயிற்றில் கட்டுவது நல்லது. இடம் மிகுந்தால் குறுக்குக் கட்டை கொடுத்துத் தடுக்கலாம். பயணத்துக்கு ஏற்றது என்று கால்நடை மருத்துவரிடம் சான்று பெறுவதும், உடன் ஓர் ஆள் செல்வதும் அவசியம். நிறைசினை மாட்டை மலைச் சாலையில் ஏற்றாதிருப்பதே நலம்.

வாடகை பேசும்போதே எத்தனை மாடு என்பதையும் கண்டிப்பாகப் பேசிவிட வேண்டும்.