முழு மனிதன் யார்?

இரண்டு கையும் இரண்டு காலும் இருந்துவிட்டால் போதுமா? ஒருவன் முழு மனிதன் ஆகிவிடுவானா?

இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ சமயம் பதில் சொல்கிறது. கடவுள் மனிதனைத் தம் சாயலில் படைத்தார் என்று பைபிளின் முதல் அதிகாரமே கூறுகிறது. அந்தச் சாயல் அரசனுக்கும் உண்டு, ஆண்டிக்கும் உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் உண்டு.

ஏசுநாதர் முழுக் கடவுள்; முழு மனிதரும் அவரே. 451-ஆம் ஆண்டு கால்சிதோன் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் இப்படி அறிவித்தது. ஆகவே, மனிதனுக்கு அவரே அளவுகோல்!

அவர் எப்படி வாழ்ந்தார்? தச்சர் வீட்டில் வளர்ந்தார். பசித்தார், அழுதார். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளியைத் தொட்டார். எல்லோரும் வெறுத்த வரி வசூலிப்பவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறரைத் தன்னைப் போல் எண்ணி நடப்பவனே முழு மனிதன் என்று காட்டினார்.

சொல்வது எளிது. செய்வது?

ஒதியம்பட்டிலிருந்து புதுச்சேரி அதிக தூரம் இல்லை. அங்கே அந்தக் காலத்துச் சம்பா கோவிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். மறுபக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். 1745-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே மேல்சாதியார் கொதித்து எழுந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

அந்தச் சுவர் யாருக்குக் கேடு செய்தது? ஒதுக்கப்பட்டவரின் உரிமையைப் பறித்தது. ஒதுக்கியவரின் மனிதத் தன்மையையே பறித்தது!

கல் சுவர் விழுந்தது. மனச் சுவர் விழவில்லை. 2008-இல் உளுந்தூர்பேட்டை அருகே எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிச் சண்டை மூண்டது. போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர்.

இது ஒரு மதத்தாரின் குறை மட்டும் அல்ல. நம் எல்லோருடைய ஊரிலும் இருக்கும் நோய்.

ஒதியம்பட்டுக்குப் பக்கத்திலேயே வில்லியனூர் லூர்து மாதா கோவில் இருக்கிறது. அங்குள்ள குளத்துக்கு எல்லா மதத்தாரும் வருகிறார்கள். தண்ணீர் யாரிடமும் சாதி கேட்பதில்லை.

நாம் கேட்கிறோமே! வீட்டுச் சாக்கடையைச் சுத்தம் செய்ய வருகிறவர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறார். நாம் குடிக்கும் டம்ளரிலேயே கொடுக்கிறோமா? அல்லது அவருக்கென்று தனி டம்ளர் வைத்திருக்கிறோமா?

பக்கத்தில் நின்று நம் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்களை முழு மனிதர்களாக வளர்க்க விரும்பினால், அந்தத் தனி டம்ளரை இன்றே ஒழியுங்கள்!