ஐஇஎல்டிஎஸ்-ல் 8 பேண்ட் எடுத்தும் கனடா பிஆர் ரேஸில் பின்தங்குவது ஏன்? சிஆர்எஸ் கணக்கு சொல்வது என்ன?

கனடா பிஆர் கனவோடு ஐஇஎல்டிஎஸ் எழுதுபவர்கள் முதலில் பார்ப்பது ஓவரால் பேண்ட். ஆனால், எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் அந்த எண்ணுக்கு மதிப்பே கிடையாது. 8 எடுத்தவரை 7.5 எடுத்தவர் முந்திச் செல்வதும் நடக்கும். எப்படி?

மார்க் எப்படி மாறுகிறது?

கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு திறன்களின் மதிப்பெண்ணும் தனித்தனியாக சிஎல்பி எனும் கனடிய மொழி அளவுகோலுக்கு மாற்றப்படும். தனிநபராக விண்ணப்பிப்பவருக்கு ஒவ்வொரு திறனுக்கும் சிஎல்பி 7 என்றால் 17 புள்ளி, 8-க்கு 23, 9-க்கு 31, 10-க்கு 34.

சிஎல்பி 9 பெற கேட்டலில் 8, மற்ற மூன்றிலும் தலா 7 வேண்டும்.

எங்கே அடி விழுகிறது?

முதுகலைப் பட்டமும், வெளிநாட்டில் 3 ஆண்டு பணி அனுபவமும் உள்ள இருவரை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர்: கேட்டல் 8.5, வாசித்தல் 8.5, எழுதுதல் 6.5, பேசுதல் 7.5. ஓவரால் 8.

இரண்டாமவர்: கேட்டல் 8, மற்றவை தலா 7. ஓவரால் 7.5.

நேரடி மொழிப் புள்ளியில் முதலாமவருக்கு 125, இரண்டாமவருக்கு 124. கிட்டத்தட்ட சமம்தான். ஆனால், படிப்பையும் அனுபவத்தையும் மொழியோடு சேர்த்துத் தரும் கூடுதல் புள்ளி முழுதாக 100 கிடைக்க, நான்கு திறன்களிலும் சிஎல்பி 9 இருக்க வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் 50-தான். முடிவில் 8 எடுத்தவருக்கு 175, 7.5 எடுத்தவருக்கு 224!

அரை பேண்ட் அவ்வளவு பெருசா?

முதலாமவர் எழுதுதலில் 7 எடுத்திருந்தால் 58 புள்ளி கூடியிருக்கும். 29 வயதுக்குத் தரப்படும் வயதுப் புள்ளி 110, 39 வயதுக்கு 55. அதாவது, பத்து வயது கூடுவதால் போகும் புள்ளியைவிட இந்த அரை பேண்டில் போவது அதிகம்.

வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த கூடுதல் புள்ளிகளையும் 2025 மார்ச் 25 முதல் கனடா நீக்கிவிட்டது. இதனால் மொழி மார்க்கின் கனம் இன்னும் கூடியிருக்கிறது.

பிரெஞ்சு தெரிந்தால்?

பிரெஞ்சில் நான்கு திறன்களிலும் 7-ம் நிலை, ஆங்கிலத்தில் சிஎல்பி 5 இருந்தால் கூடுதலாக 50 புள்ளி. 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கெனத் தனித் தேர்வுச் சுற்றுகளும் நடக்கின்றன.

கவனிக்க வேண்டியவை

* ஐஇஎல்டிஎஸ்-ல் ஜெனரல் டிரெய்னிங் தேர்வு மட்டுமே செல்லும். மேல்படிப்புக்காக எழுதிய அகாடமிக் மார்க் இங்கே உதவாது.
* செல்பிப் ஜெனரல், பிடிஇ கோர் தேர்வுகளும் ஏற்கப்படும்.
* மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். புரொஃபைல் போடும் நாளில் மட்டுமல்ல, அழைப்பு வந்து பிஆர் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கும் நாளிலும் அது காலாவதியாகாமல் இருக்க வேண்டும்.

ஆக, ரிசல்ட் வந்ததும் ஓவரால் பேண்டைப் பார்த்து நிம்மதியாகிவிட வேண்டாம். நான்கில் எது குறைவு என்று பாருங்கள். மறுபடி தேர்வு எழுதலாமா என்பதற்கான பதில் அதில்தான் இருக்கிறது.