உலக்கைக்கும் சரித்திரம் உண்டு

பெங்களூரில் இருந்து மைசூர் போகும் சாலையில், ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் தூரத்தில் ராமநகரம் இருக்கிறது. பட்டுக்கூடு சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். 1975-ம் ஆண்டு வெளிவந்த "ஷோலே" இந்திப் படம் இந்த ஊர்ப் பாறைகளுக்கு இடையேதான் எடுக்கப்பட்டது. ஊரைத் தாண்டியதும் சாலையோரம் "ஜானபத லோகா" என்ற காட்சிச் சாலை வருகிறது. நாட்டுப்புற உலகம் என்று பொருள்.

தங்கமும் வைரமும் தேடிப் போகிறவர்களுக்கு அங்கே வேலை இல்லை. ஏர், கலப்பை, தானியம் அளந்த படிகள், சமையல் பாத்திரங்கள், தோல் பாவைகள், யட்சகான உடைகள், கிராமத் திருவிழாவில் ஆடிய முகமூடிகள்- இப்படி ஏறத்தாழ 5,000 பொருட்கள் உள்ளன. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர் போய்ப் பார்த்தால், "இது எங்கள் பாட்டி வீட்டில் இருந்ததாயிற்றே!" என்று சொல்வார். கேழ்வரகு தின்ற ஊர்களுக்கு எல்லைக்கோடு ஏது?

தனி ஒருவரின் முயற்சி

இதைத் தொடங்கியவர் எச்.எல். நாகேகவுடா. 1915-ம் ஆண்டு மண்டியா மாவட்டம் நாகமங்கலம் வட்டத்தில் பிறந்தவர். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர். கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப் பாடல்களைச் சேகரித்தார். பாடுகிறவர்களின் குரலை ஒலிநாடாவில் பதிவு செய்தார். மக்கள் புழங்கிய பொருட்களையும் சேர்த்தார்.

பெங்களூர் கஸ்தூரிபா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகம் 1865-ம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. சிற்பம், கல்வெட்டு, நாணயம் எல்லாம் அங்கே பத்திரமாக இருக்கின்றன. ஆனால் கல்வெட்டு வெட்டியவன் வீட்டு உலக்கையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நாகேகவுடா கவலைப்பட்டார்.

அவர் செய்ததில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பொருட்களைத் தன் வீட்டிலேயே பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. 1979-ம் ஆண்டு கர்நாடக ஜானபத பரிஷத் என்ற அமைப்பை உண்டாக்கினார். 15 ஏக்கர் நிலத்தில் காட்சிச் சாலை எழுந்து திறக்கப்பட்டது 1994-ம் ஆண்டில். முதலில் அமைப்பு, 15 ஆண்டு கழித்துத்தான் காட்சிச் சாலை. 2005-ம் ஆண்டு அவர் காலமானார். காட்சிச் சாலை நிற்கவில்லை. நடந்துகொண்டு இருக்கிறது.

கோட்டையூர் தந்த பாடம்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஓர் ஓவியர் இருந்தார். பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, அழைப்பிதழ் என்று எதையும் விடாமல் சேர்த்தார். அவர் சேகரித்தவை ஏறத்தாழ ஒரு லட்சம். 1992-ம் ஆண்டு அவர் மறைந்தார். அத்தனையும் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. அமெரிக்காவில் உள்ள சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து அவற்றை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விடவில்லை. 1994-ம் ஆண்டு சென்னையிலேயே அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

நல்ல முடிவுதான். ஆனால் தமிழன் சேர்த்ததைக் காப்பாற்றக் கடல் கடந்து ஆள் வரவேண்டி இருந்தது. ஒவ்வொரு முறையும் வருவார்களா?

இங்கே என்ன நிலை?

கோலார் தங்க வயலில் நூறு ஆண்டுகளுக்கு மேல் சுரங்கம் நடந்தது. பூமிக்கு அடியில் 3 கிலோ மீட்டர் ஆழம் வரை இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் போன்ற பகுதிகளில் இருந்து வந்த தமிழர்கள். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அவர்களுடைய பிள்ளைகள் இன்று பிழைப்புக்காக ரெயில் ஏறிப் பெங்களூர் வந்து போகிறார்கள்.

தாத்தாவின் தலைவிளக்கு எங்கே? சம்பளச் சீட்டு எங்கே? 1884-ம் ஆண்டு தொடங்கிய பெங்களூர் மில்லில் தறி ஓட்டியவரின் டோக்கன் எங்கே? கண்டோன்மெண்டில் போட்ட நாடகத்தின் நோட்டீசு எங்கே? வீடு மாறும்போது பாதி தொலைகிறது. மீதி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று எடை போட்டுக் காசு தருகிறார்கள். அந்தக் காசு இரண்டு நாள் காய்கறிக்குக் காணாது. போன பொருளோ திரும்பாது.

"அரசாங்கம் செய்யட்டும்" என்பார்கள் சிலர். அரசு உதவ வேண்டியதுதான். ஆனால் தலைவிளக்கு அரசிடம் இல்லை, பரணில் இருக்கிறது. "வாடகை வீட்டில் இடம் ஏது?" என்பார்கள் வேறு சிலர். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் அமைப்பு வேண்டும் என்பது.

15 ஏக்கர் வேண்டாம். ஓர் அறை, ஒரு பீரோ, ஒரு பதிவேடு போதும். பொருள் யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு, எதற்குப் பயன்பட்டது என்று எழுதி, கொடுத்தவருக்கு ரசீது தரவேண்டும். அல்சூரில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. பேட்டைக்குப் பேட்டை மன்றங்கள் இருக்கின்றன. பொங்கல் விழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய காரியம் அல்ல.

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் ஒன்று செய்யலாம். பழைய போட்டோவின் பின்பக்கம் அதில் இருப்பவர்களின் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதி வைக்கலாம். கேட்டுச் சொல்லப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும். பெயர் தெரியாத போட்டோவை எந்தக் காட்சிச் சாலையில் வைத்து என்ன பயன்?

சுரங்கம் தோண்டியவர்களும் தறி ஓட்டியவர்களும் இந்த மாநிலத்தை வளர்த்தவர்கள். அவர்களுக்குச் சிலை வைக்க வேண்டாம். அவர்கள் கைபட்ட பொருளை எடை போடாமல் இருந்தால் போதும்.