எழுதிப் பிழைப்பது இழிவாமோ?

எழுத்து என்பது ஒரு தவம், அதற்குக் கூலி கேட்பது பிழை என்றொரு கொள்கை நம்மவரிடையே நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. அதே வேளையில், எழுதுகோலும் கையுமாக இருக்கும் பிள்ளையைப் பார்த்து, "இந்த எழுத்து உனக்குச் சோறு போடுமோ?" என்று வினவாத பெற்றோரும் நம் நாட்டில் அரியர். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் ஒரே வேரில் முளைத்தவையே. எழுத்தைத் தெய்வமாகக் கொண்டாடுவோரும், அதனை வீண்பொழுது என்று இகழ்வோரும், அது கற்றுத் தேர்ந்து செய்யவேண்டிய ஒரு தொழில் என்பதை மறந்துவிடுகின்றனர்.

உயர்தர வகுப்பு மாணவரும், பல்கலைக்கழகத்தினின்று வெளிவந்து உத்தியோகத்துக்குக் காத்திருக்கும் இளைஞரும் நம்மிடம் அடிக்கடி கேட்கும் வினாக்கள் இரண்டு. ஓரிடத்தில் சம்பளத்துக்கு அமராமல், பலருக்கும் எழுதிக் கொடுத்து ஊதியம் பெறும் சுயாதீன எழுத்தாளர் ஆவது எங்ஙனம் என்பது ஒன்று. எழுத்தைச் செம்மைப்படுத்துவது எங்ஙனம் என்பது மற்றொன்று. நம் எண்ணத்தில் இவை இரண்டும் ஒன்றே. பிறர் நம்பிப் பணம் கொடுத்து வாங்கக்கூடிய எழுத்தை எழுதப் பழகுவதே எழுத்தைத் திருத்தும் வழியுமாகும். இதனை ஒருவருடைய வாழ்க்கையை முன்வைத்து விளக்குவது நன்று.

ஆங்கில இலக்கியம் பயின்றோர் சாமுவேல் ஜோன்சன் என்னும் பெயரை அறிவர். 1709 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் லிச்பீல்ட் என்னும் ஊரிலே ஒரு புத்தக வியாபாரியின் மகனாகப் பிறந்தவர் அவர். ஒக்ஸ்போட் சென்று படிக்கத் தொடங்கினார். பணமின்மையால் ஏறக்குறைய ஓராண்டிலேயே பட்டம் பெறாது திரும்பினார். பின்னர் ஒரு பாடசாலையைத் தொடங்கினார். அதற்கு வந்த மாணவர் மிகச் சிலரே. பிற்காலத்தில் புகழ்பெற்ற நடிகராக விளங்கிய டேவிட் கரிக் அவர்களுள் ஒருவர். ஆசிரியத் தொழில் கைகொடுக்கவில்லை. 1737 ஆம் ஆண்டு, அந்தக் கரிக்குடனேயே ஜோன்சன் பிழைப்புத் தேடி இலண்டனுக்குப் புறப்பட்டார்.

அவர் செய்த வேலைகளைப் பாருங்கள். அபிசீனியப் பயண நூலொன்றைப் பிரெஞ்சு மொழியிலிருந்து பெயர்த்துக் கொடுத்து அவர் முன்னரே 5 கினி பெற்றிருந்தார். இலண்டனிலே எட்வேட் கேவ் என்பவர் நடத்திய 'ஜென்டில்மன்ஸ் மகஸின்' என்னும் சஞ்சிகையில் மொழிபெயர்ப்பு, சுருக்கம், வரலாற்றுக் குறிப்பு, பிறர் எழுத்தைத் திருத்துதல் என எது கிடைத்ததோ அதனைச் செய்தார். 1746 இல் புத்தக வியாபாரிகள் சிலர் கூடி, ஓர் ஆங்கில அகராதி ஆக்கித் தருமாறு 1,575 பவுணுக்கு அவருடன் உடன்படிக்கை செய்தனர். அந்தப் பணத்திலேயே உதவியாளர்களுக்கும் அவர் சம்பளம் கொடுக்கவேண்டியிருந்தது. அகராதி 1755 இல் வெளிவந்தது. இடையில், 1750 முதல் 1752 வரை, செவ்வாயும் சனியும் தவறாமல் 'றாம்பிளர்' என்ற தாளை எழுதினார். ஒரு தாளுக்கு 2 கினி. மொத்தம் 208 தாள்கள். மிகச் சிலவற்றைத் தவிர எல்லாம் அவர் கைப்படவே எழுதியவை. 1759 இல் தாயார் காலமானபோது, ஈமச் செலவுக்காகவும் அவர் விட்டுச்சென்ற சிறு கடன்களுக்காகவும் 'றசெலாஸ்' என்னும் கதையை ஒரு வார காலத்து மாலை வேளைகளில் எழுதி முடித்தார் என்பர்.

இத்தனையும் காசுக்காக எழுதியவை. ஆயினும் அந்த அகராதியும் அக்கட்டுரைகளும் இன்றும் கற்றோரால் போற்றப்படுகின்றன. கூலி எழுத்தைக் கெடுக்கவில்லை. குறித்த நாளில், குறித்த அளவில், குறித்த பொருளைச் சொல்லவேண்டும் என்ற கட்டுப்பாடு எழுத்தை உரப்படுத்தியது. அவசரத்தில் எழுதிய றாம்பிளர் கட்டுரைகளை அவர் அப்படியே விட்டுவிடவுமில்லை. நூலாக வெளிவந்தபோது மீண்டும் எடுத்துச் சொற்சொல்லாகத் திருத்தினார். நாள் தவறாமல் கொடுப்பதும், கொடுத்த பின்னரும் திருத்துவதும் ஆகிய இவ்விரு பழக்கங்களுமே ஒருவரை எழுத்தாளராக்குவன.

அவர் வாழ்வில் எச்சரிக்கையும் உண்டு. அக்காலத்தில் பாராளுமன்ற விவாதங்களை வெளியிடுவதற்குத் தடையிருந்தமையால், கிடைத்த சிறு குறிப்புகளைக் கொண்டு அவ்வுரைகளை ஜோன்சன் தாமே புனைந்து சஞ்சிகைக்கு எழுதினார். மக்கள் அவற்றை உண்மையுரைகள் என்றே நம்பினர். தம் எழுத்துக்கள் அனைத்துள்ளும் மனத்தை உறுத்தியது அதுவே என்று தம் இறுதிக் காலத்தில் அவர் கூறியதாக வரலாறு சொல்கின்றது. நடை அழகாக இருந்தும் உண்மை இல்லாதபோது, எழுதியவனுக்கே அது சுமையாகிவிடுகின்றது.

இனி, நம் நாட்டு நிலைக்கு வருவோம். தமிழில் கதையும் கவிதையும் எழுதி அவற்றால் மட்டும் குடும்பம் நடத்துதல் மிக அரிது என்பதை மறைத்துப் பயனில்லை. நம் எழுத்தாளர்களுட் பெரும்பாலோர் வேறொரு தொழிலைக் கைக்கொண்டே எழுதினர். டொமினிக் ஜீவா அவர்கள் யாழ்ப்பாணத்திலே சிகையலங்காரத் தொழில் செய்துகொண்டே சிறுகதைகள் எழுதினார். 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கி, பிரதிகளைத் தாமே சுமந்து விற்று, 2012 வரை நடத்தினார். தொழில் அவரது எழுத்துக்குப் பகையாகவில்லை. அத்தொழிலிலே கண்ட மனிதரே அவர் கதைகளிலும் உலவினர்.

ஆனால் கதை, கவிதைக்கு அப்பால் ஊதியம் தரக்கூடிய எழுத்துவேலை நம்மிடையே இல்லாமலில்லை. முதலாவது மொழிபெயர்ப்பு. சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகளாகவும் ஆங்கிலம் இணைப்பு மொழியாகவும் உள்ள நாட்டில், அறிவித்தல், அறிக்கை, துண்டுப்பிரசுரம், பயிற்சிக் கைந்நூல் என மொழிபெயர்க்கப்பட வேண்டியவை மலைபோலக் கிடக்கின்றன. இரண்டாவது, சரவை பார்த்தலும் செம்மையாக்கமும். மூன்றாவது மலர்கள். பாடசாலை ஆண்டு நிறைவு மலர், ஆலயக் கும்பாபிஷேக மலர், ஒருவர் மறைந்தபின் அந்தியேட்டி நாளில் வெளியிடும் கல்வெட்டு ஆகியவற்றை அழகுற எழுதித் தொகுக்கவல்லாரைக் கனடாவிலும் இலண்டனிலும் வாழும் நம் உறவினரும் தேடுகின்றனர். கல்வெட்டுத்தானே என்று நகைக்க வேண்டா. ஒரு முதியவரின் பிறப்பும் கல்வியும் தொழிலும் உறவும் பிழையின்றிப் பதிவாகும் ஏடு பல குடும்பங்களில் அஃது ஒன்றே. அதில் ஒரு பெயர் விடுபட்டாலும் ஓர் உள்ளம் நோகும். வரலாறு எழுதுவதற்கு அதனினும் நல்ல பள்ளிக்கூடம் எது?

இவ்வேலைகளை இழிவென்று ஒதுக்கிவிட்டால் நட்டம் நமக்கு மட்டுமன்று. தெருவிலுள்ள பெயர்ப்பலகைகளிலும் பொது அறிவித்தல்களிலும் தமிழ் படும் பாட்டை நாம் எல்லோரும் கண்டு சிரிக்கின்றோம், சினக்கின்றோம். தமிழ் கற்றவர் அவ்வேலையைத் தமக்குரியதென்று கொள்ளாதபோது, தமிழ் அறியாதவர் கையில் அது விழுகின்றது. மருந்துக் குறிப்பொன்றில் 'உணவுக்கு முன்' என்று வரவேண்டிய இடத்தில் 'உணவுக்குப் பின்' என்று ஒரு சொல் மாறினால், துன்புறுபவர் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த ஒரு தாயாராக இருப்பார். இங்கே இலக்கணம் அலங்காரமன்று. அஃது உயிரோடு தொடர்புடைய காரியம்.

கணினியே இப்போது மொழிபெயர்க்கின்றதே, கட்டுரையும் எழுதித் தருகின்றதே, இனி நமக்கு என்ன வேலை என்று சிலர் சோர்வடைகின்றனர். எளிய வேலைகள் சில கைநழுவிப் போவது மெய்தான். எனினும் எந்திரம் தந்த வரி மூலத்தோடு பொருந்துகின்றதா என்று நிறுத்துப் பார்த்து, "இது சரி" என்று தம் பெயரை வைத்து உறுதி கூறுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். பணம் கொடுப்பவர் இனி வாங்குவது அந்தப் பொறுப்பையே. தாம் எழுதக் கல்லாதவர் பிறிதொன்று எழுதியதில் உள்ள பிழையையும் காணமாட்டார். ஆதலால் மாணவர்கள் தம் பயிற்சிக் கட்டுரைகளை எந்திரத்திடம் ஒப்படைப்பது, விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

வேலை தேடுவோர் கைக்கொள்ளவேண்டிய முறைகள் சிலவற்றைச் சொல்வோம். ஒரு பத்திரிகைக்கு எழுத விரும்பினால், அதன் மூன்று மாத இதழ்களை வாசிகசாலையில் இருந்து படியுங்கள். எப்பொருளை, எவ்வளவு நீளத்தில், யாருக்காக வெளியிடுகின்றனர் என்பது அப்போது விளங்கும். பின்னர், நீங்கள் நேரில் அறிந்த ஒரு பொருளைத் தேர்ந்து, கேட்ட அளவுக்குள் எழுதி அனுப்புங்கள். ஒரே கட்டுரையை ஒரே வேளையில் இரண்டு பத்திரிகைகளுக்கு அனுப்புதல் தகாது. ஆட்களின் பெயர், ஆண்டு, தொகை ஆகியவற்றை இருமுறை சரிபாருங்கள். ஆசிரியர் ஒருவர் எழுத்தாளரிடம் முதலில் தேடுவது மேதைமையை அன்று. நாள் தவறாமையையும் பிழையின்மையையுமே.

கூலியைப் பற்றிப் பேசுவதற்கு நாணவேண்டா. வேலையை ஏற்கு முன்னரே எத்தனை பக்கம், எந்த நாள், எவ்வளவு சன்மானம், எத்தனை முறை திருத்தித் தருவது என்பவற்றைப் பணிவாகக் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பத்திரிகை சன்மானம் வழங்காதது எனின், அதனை அறிந்துகொண்டு மனமுவந்து எழுதுவது வேறு. கிடைக்கும் என்று நம்பி ஏமாறுவது வேறு. நம்மவருள் ஒரு வழக்கம் உண்டு. மலருக்குப் பந்தல்காரருக்கும் அச்சுக்கூடத்துக்கும் உரிய பணத்தை எண்ணிக் கொடுப்பர். எழுதியவருக்குப் பொன்னாடை போர்த்து அனுப்பிவிடுவர். பொன்னாடையை வேண்டா என்று யாம் சொல்லவில்லை. கூலியையும் கொடுங்கள் என்கின்றோம்.

எழுத்தைச் செம்மைப்படுத்துவதற்கு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் கைக்கொண்ட பயிற்சி ஒன்றைச் சிபாரிசு செய்வோம். பொஸ்டன் நகரில் தமையனாரின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகிய இளமைக் காலத்தில், 'ஸ்பெக்டேற்றர்' என்னும் புகழ்பெற்ற தாளின் கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறு குறிப்பாக எழுதி வைப்பார். சில நாட்கள் கழித்து, மூலத்தைப் பாராமல், அக்குறிப்புகளைக் கொண்டு கட்டுரையைத் தம் சொற்களில் எழுதுவார். பின் மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைத் திருத்துவார். நாமும் இதனைச் செய்யலாம். ஆறுமுக நாவலர் 1852 இல் வெளியிட்ட பெரியபுராண வசனத்தில் ஒரு நாயனாரின் வரலாற்றை எடுத்து இவ்வாறு எழுதிப் பாருங்கள். எங்கே நாம் பத்துச் சொல் செலவிட்டோம், எங்கே அவர் மூன்று சொல்லில் முடித்தார் என்பது கண்கூடாகும்.

எழுதியதை ஓரிரவு மூடிவைத்து, மறுநாள் வாய்விட்டு வாசியுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறியுங்கள். வீட்டிலே அம்மாவுக்கோ அம்மம்மாவுக்கோ படித்துக் காட்டுங்கள். அவர்கள் "என்ன சொல்லுகிறாய், பிள்ளை?" என்று கேட்கும் இடமே திருத்தவேண்டிய இடம்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. எழுத்து மட்டுமே சோறு போடும் என்று யாம் வாக்குறுதி அளிக்கமாட்டோம். அகராதி ஆக்கி நாடெங்கும் பேர்பெற்ற அடுத்த ஆண்டிலேயே, 1756 இல், ஜோன்சன் கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் றிச்சாட்சன் பணம் அனுப்பியே அவரை மீட்டார். ஆதலின் படிப்பையும் உத்தியோகத்தையும் கைவிட்டு எழுத்தில் இறங்குமாறு பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். ஆனால் மாலையில் ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அந்த ஒரு மணி நேரம் நாளடைவில் சிறிது வருவாயையும், எந்த உத்தியோகத்திலும் உதவும் தெளிந்த மொழியையும் கொண்டுவரும்.

மாணவர்களுக்கு இவ்வாரத்துப் பயிற்சி இது. உங்கள் ஊரில், பேருந்து நிலையத்திலோ மருத்துவமனையிலோ, பிழைபட்ட தமிழிலுள்ள ஓர் அறிவித்தலை எழுதிக்கொண்டு வாருங்கள். அதன் பொருள் சிறிதும் மாறாமல், எழுத்துக்கூட்டி வாசிக்கும் ஒரு முதியவருக்கும் விளங்குமாறு திருத்தி எழுதுங்கள். பின்னர் அதனை உரிய அலுவலகத்துக்கு ஒரு மரியாதையான கடிதத்துடன் அனுப்புங்கள். பதில் வரினும் வராதொழியினும், உங்கள் முதல் எழுத்துவேலை அன்றே தொடங்கிவிட்டது.