உளுந்துக்கு விலை சொன்னால் போதுமா?

உளுந்தூர்பேட்டை என்று பெயரைக் கேட்டதுமே நாக்கில் வடை ருசி தட்டும். சென்னையிலிருந்து வரும் சாலை திருச்சிக்கு ஒன்றும் சேலத்துக்கு ஒன்றுமாகப் பிரிகிற ஊர். தென்னார்க்காடு ஜில்லாவில் இருந்தது. 1993 இல் விழுப்புரத்தோடு போயிற்று. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஜில்லா எத்தனை மாறினாலும் பெயரில் உள்ள உளுந்து மட்டும் மாறவில்லை.

பெயருக்கு ஒரு கதை சொல்கிறார்கள். பக்கத்தில் உளுந்தாண்டார்கோயில். அங்கே சுவாமிக்கு மாஷபுரீசுவரர் என்று திருநாமம்; மாஷம் என்றால் வடமொழியில் உளுந்து. மிளகு மூட்டைகளை வண்டியில் ஏற்றி வந்த வியாபாரி ஒருவனிடம், கிழவர் வேஷத்தில் வந்த இறைவன் கொஞ்சம் மிளகு கேட்டாராம். அவனோ, "மிளகு ஏது தாத்தா? அத்தனையும் உளுந்து" என்று கையை விரித்துவிட்டான். சந்தையில் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால், சொன்ன சொல் பலித்து, மிளகெல்லாம் உளுந்தாகிக் கிடந்தது. கோயிலுக்கு ஓடி அழுதான் என்று கதை போகிறது. மிளகு உளுந்தானதற்கு ஒரு வியாபாரி அழுதான் என்றால், உளுந்து விலை அன்றைக்கும் மட்டம்தான் போலும்!

மூட்டைக்குள் இருப்பது ஒன்று, வாய் சொல்வது வேறொன்று என்கிற அந்தச் சங்கடம் இந்த ஊர் உளுந்தை இன்னும் விடவில்லை. அந்த நாளில் சொன்னவன் வியாபாரி. இப்போது சொல்வது சர்க்கார்.

பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். ஒன்றரை ஏக்கர் நிலம். அதில் பாதி குத்தகை. சம்பா நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பாகவே, ஈரம் காயாத வயலில் உளுந்தை விதைத்துவிடுகிறவர். தை மாதத்தில் விதை, பங்குனியில் அறுவடை. எழுபது நாள் பயிர். தண்ணீர் கட்ட வேண்டாம், பனியிலேயே பிழைக்கும். வேரில் உள்ள முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தையும் சேர்த்து வைக்கும். வெள்ளை ஈ வந்து மஞ்சள் தேமல் விழாமல் இருந்தால், நெல்லில் விட்டதைக் கொஞ்சம் பிடித்துவிடலாம்.

"இந்தத் தடவை என்ன விலைக்குப் போட்டீர்கள் ஐயா?" என்று கேட்டேன்.

"சர்க்கார் வெலையைக் கேக்கறியா தம்பி, எனக்குக் கெடச்ச வெலையைக் கேக்கறியா?" என்றார் அவர்.

நான் எழுத வந்த விஷயம் முழுவதும் இந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது.

சர்க்கார் விலை எது?

உளுந்துக்கு மத்திய அரசாங்கம் ஆண்டுதோறும் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கிறது. 2017-18 இல் குவிண்டாலுக்கு 5,400 ரூபாய். 2021-22 இல் 6,300. 2024-25 இல் 7,400. 2025-26 பருவத்துக்கு 7,800 ரூபாய் என்று 2025 மே மாதமே அறிவிப்பு வந்துவிட்டது. எட்டு ஆண்டில் 2,400 ரூபாய் உயர்ந்திருக்கிறது. இதைக் குறை சொல்ல நான் வரவில்லை. விலையை உயர்த்தியது நல்ல காரியம்தான்.

ஆனால் நெல்லுக்கு ஆதரவு விலை என்றால், அதை வாங்க ஆள் இருக்கிறது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியது, அதுவும் நம் தஞ்சாவூரில். 1972 முதல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இருக்கிறது. நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஆயிரம் குறை இருக்கலாம்; ஈரப்பதம் என்று திருப்பி அனுப்பலாம், சாக்கு இல்லை என்று காக்க வைக்கலாம். என்றாலும் அந்த நிலையம் வருஷா வருஷம் திறக்கிறது. வாங்கிய நெல் அரிசியாகி ரேஷன் கடைக்குப் போகிறது. இந்த நாட்டில் அரிசி என்றால் மந்திரிசபையே அசையும். 1952 இல் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியதையும், 1967 இல் ரூபாய்க்கு மூன்று படி என்று அண்ணா சொன்னதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் பேசுகிறார்கள். உளுந்துக்காக அப்படி ஒரு தேர்தல் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உளுந்தை சர்க்கார் வாங்குவது வேறு வழியில். விலை ஆதரவுத் திட்டம் என்று அதற்குப் பெயர். விலை சரிந்தால் மாநில அரசாங்கம் மத்திய அரசாங்கத்துக்கு எழுத வேண்டும்; அங்கிருந்து அனுமதி வர வேண்டும்; பிறகு 'நாபெட்' நிறுவனத்துக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொள்முதல் நடக்கும். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளில் நடந்தும் இருக்கிறது. ஆனால் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், ஆதார், வங்கிப் புத்தகம் வேண்டும். ஈரப்பதம் 12 சதவிகிதத்துக்கு மேல் கூடாது. பணம் வங்கிக்குப் பிறகு வரும். எழுபது நாளில் விளைகிற பயிருக்கு இந்தக் காகித ஊர்வலம் எத்தனை நாள் பிடிக்கும் என்பதை வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

குத்தகைக்காரருக்கு அடங்கலில் பெயர் கிடையாது. நம் பெரியவருக்கு ஒன்றரை ஏக்கரில் பாதிக்குத்தான் காகிதம் பேசும். மீதிப் பாதியில் விளைந்தது சர்க்கார் கண்ணில் உளுந்தே இல்லை! அவர் என்ன செய்தார்? களத்துக்கே வந்த வியாபாரியிடம் போட்டுவிட்டார். ஆதரவு விலையைவிட நூற்றுக்கணக்கில் குறைச்சல். கையில் ரொக்கம். விதைக்கும் உழவுக்கும் முன்பணம் கொடுத்தவரும் அதே வியாபாரிதான். அவரைத் திட்டிப் பயனில்லை. சர்க்கார் வராத நாளில் வந்தவர் அவர்.

ஒழுங்குமுறை விற்பனைக்கூடம்

இந்த இடத்தில் ஒரு நியாயம் சொல்ல வேண்டும். விவசாயியைக் காப்பாற்றச் சட்டமே இல்லை என்று சொன்னால் அது பொய். துணியை மூடிக்கொண்டு விரலைத் தொட்டு விலை பேசிய காலம் ஒன்று இருந்தது. மாதிரிக்கு ஒரு கை, மகிமைக்கு ஒரு கை, எடைக்காரருக்கு ஒரு கை என்று மூட்டை இளைத்துக்கொண்டே போகும். இதைத் தடுக்கத்தான் 1933 இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. 1936 இல் திருப்பூரில் பருத்திக்கு முதல் சந்தை. பின்னால் 1987 ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது.

உளுந்தூர்பேட்டையிலும் இப்படி ஒரு விற்பனைக்கூடம் உண்டு. இந்தக் கூடங்களில் விவசாயி குவித்து வைத்த தானியத்துக்கு வியாபாரிகள் சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுகிறார்கள். யார் என்ன எழுதினார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. சரியான எடை. சந்தைக் கட்டணம் வியாபாரி தலையில்; விவசாயிக்குக் கட்டணமே கிடையாது. விலை பிடிக்கவில்லையென்றால் கிடங்கில் வைத்துவிட்டு, சரக்கு மதிப்பில் முக்கால் பங்கு வரை பொருளீட்டுக் கடனாக 5 சதவிகித வட்டிக்கு வாங்கலாம். 180 நாள் வரை காத்திருக்கலாம்.

எவ்வளவு அருமையான ஏற்பாடு! இதைப் பெரியவரிடம் சொன்னேன். "ரெண்டு மூட்டைக்கு வண்டி வாடகை யாரு குடுப்பா?" என்றார். சிறு விவசாயியின் உளுந்து அளவில் சிறியது. நாலு மூட்டை, ஐந்து மூட்டை. கூடத்துக்குக் கொண்டுபோகும் செலவும், ஒரு நாள் கூலியும் கழித்தால் கிடைக்கும் உயர்வு கரைந்துவிடுகிறது. கூடத்தின் தராசு கிராமத்துக்கு வந்தால் ஒழிய, இந்தச் சட்டம் பெரிய மிராசுதாருக்குத்தான் முழுசாக உதவும்.

பர்மா கதவு

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. உளுந்து விலையைத் தீர்மானிப்பது உளுந்தூர்பேட்டைச் சந்தை மட்டும் இல்லை. கடல் தாண்டி பர்மா இருக்கிறது, இன்றைய மியான்மர். உலகத்தில் உளுந்தை இப்படி விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். அங்கே விளைவதும் முக்கியமாக நமக்கு விற்கத்தான். நம் வீட்டு இட்லிக்கும் ரங்கூன் துறைமுகத்துக்கும் அவ்வளவு நெருக்கம்.

2015 இல் பருப்பு விலை ஏறியது வாசகர்களுக்கு நினைவிருக்கும். துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உளுந்தும் பின்னாலேயே ஓடியது. விலையைப் பார்த்து விவசாயிகள் ஆசையாகப் பருப்பு விதைத்தார்கள். விளைச்சல் கொட்டியது. விலை விழுந்தது. 2017 ஆகஸ்டில், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் இறக்குமதி கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. நம் விவசாயி அதற்குள் விற்றுத் தீர்த்திருந்தார். பர்மா விவசாயி வீட்டில் உளுந்து மலையாகக் குவிந்து, அங்கேயும் விலை பாதாளத்துக்குப் போயிற்று. ஒரே உத்தரவில் இரண்டு நாட்டு ஏழைகள் அடிபட்ட கதை இது.

2021 மே மாதம் சக்கரம் எதிர்ப் பக்கம் சுழன்றது. உளுந்தை யார் வேண்டுமானாலும் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்றார்கள். அந்த ஆண்டே, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து வாங்குவதாக மியான்மரோடு ஒப்பந்தமும் ஆயிற்று. ஜூலையில் பருப்பு வியாபாரிகளுக்கு இருப்பு வரம்பு வந்தது. 2023 ஜூனில் துவரைக்கும் உளுந்துக்கும் மறுபடி வரம்பு: மொத்த வியாபாரி 200 டன், சில்லறைக்காரர் 5 டன். 1955 ஆம் ஆண்டு அத்தியாவசியப் பொருள் சட்டத்தின் பலம் அது.

இறக்குமதி அனுமதி ஒரு குறிப்பிட்ட தேதி வரைதான். அந்தத் தேதி பெரும்பாலும் மார்ச் 31. நெருங்கும்போது நீட்டிப்பார்கள். 2025 மார்ச்சில் முடிய வேண்டியதை 2026 மார்ச் 31 வரை நீட்டினார்கள். காலண்டரைப் பாருங்கள். மார்ச் 31 என்றால் பங்குனி நடு. நம் பெரியவர் உளுந்தைப் பிடுங்கிக் களத்தில் காயப் போட்டிருக்கும் நேரம். கதவு மூடுமா, திறந்தே இருக்குமா என்று தெரியாமல் மண்டிக்காரரும் மில்காரரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற நேரம். கணக்கு வருஷத்தின் கடைசி நாள் அலுவலகத்துக்குச் சௌகரியமான தேதி. உளுந்துக்கு அதைவிட மோசமான தேதி கிடையாது.

நான் நகரத்து மாதச் சம்பளக்காரன். என் வீட்டிலும் உளுத்தம் பருப்பு விலை ஏறினால் முணுமுணுப்புக் கேட்கிறது. விலை ஏறும்போது சர்க்கார் சும்மா இருக்க வேண்டும் என்று நான் சொன்னால் வீட்டில் சாப்பாடு கிடைக்காது! ஆனால் ஒன்று கவனியுங்கள். விலை ஏறினால் இறக்குமதி, இருப்பு வரம்பு எல்லாம் ஒரே அறிவிப்பில், அன்றைக்கே அமலுக்கு வருகின்றன. விலை இறங்கினால் கடிதம், அனுமதி, பதிவு, ஈரப்பதம். நுகர்வோருக்கு ஓடுகிற கால் விவசாயிக்கு நொண்டுகிறது.

என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் 11 இல் மத்திய அரசாங்கம் பருப்புத் தன்னிறைவு இயக்கத்தைத் தொடங்கியது. 2030-31 வரைக்கும் 11,440 கோடி ரூபாய். துவரை, உளுந்து, மசூர் மூன்றையும், பதிவு செய்துகொண்ட விவசாயிகள் கொடுக்கும் அளவு முழுவதும், நான்கு ஆண்டுகளுக்கு ஆதரவு விலையில் வாங்குவதாக அதில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் 'பதிவு செய்துகொண்ட' என்ற சொல்லில்தான் என் கண் நிற்கிறது. பதிவு தை மாதத்தில் கிராமத்திலேயே நடக்க வேண்டும். நிலத்துக்காரர் கையெழுத்தைத் தேடி அலைய விடாமல், பயிரை நேரில் பார்த்து வி.ஏ.ஓ. எழுதித் தரும் சான்று குத்தகைக்காரருக்குப் போதும் என்று ஆக வேண்டும். கொள்முதல் எந்தத் தேதியில் எந்த ஊரில் தொடங்கும் என்பதை விதைக்கும்போதே தண்டோரா போட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இறக்குமதி அனுமதியை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஐப்பசியில் முடிவு செய்யுங்கள். வரப்போகும் ஆண்டுக்கு இத்தனை டன் வரும் என்று தெரிந்தால், தையில் உளுந்து போடுவதா எள்ளுப் போடுவதா என்று விவசாயி யோசித்துக்கொள்வார். பர்மா விவசாயிக்கும் அது நல்லது.

நம் மாநில சர்க்காருக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2007 இல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் தொடங்கியபோது, துவரம் பருப்பு, பாமாயிலோடு உளுத்தம் பருப்பும் ரேஷன் கடையில் கிடைத்தது. 2017 வாக்கில் உளுந்து நின்றுபோயிற்று. துவரைக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பையும் டெண்டரில் சேர்த்துக் கேட்ட காலம் உண்டு. கனடாவுக்குப் போன டெண்டர் கள்ளக்குறிச்சிக்கு வரக் கூடாதா? ரேஷன் கடை உளுத்தம் பருப்பைத் திரும்பக் கொண்டுவந்து, அதற்கு வேண்டிய உளுந்தை நம் விற்பனைக்கூடங்களில் ஆதரவு விலைக்கு வாங்கினால், நெல்லுக்கு இருப்பதுபோல் உளுந்துக்கும் நிரந்தரமாக ஒரு வாடிக்கைக்காரர் வந்துவிடுவார். செலவாகும். செலவாகத்தான் செய்யும். அந்தச் செலவில் ஒரு பகுதி உளுந்தூர்பேட்டை வயலுக்குத் திரும்பி வரும்.

பெரியவர் டீயைக் குடித்து முடித்தார். வடை வேண்டாம் என்றுவிட்டார், பல் இல்லையாம். அடுத்த தைக்கு என்று இரண்டு மரக்கால் விதையைச் சாம்பல் கலந்து பானையில் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.

"பேப்பர்ல எழுதறவருன்னு சொன்னியே. சர்க்கார் உளுந்து வாங்கறதுன்னா பேப்பர்ல போடுவீங்களா?"

"உத்தரவு வந்தால் நிச்சயம் போடுவோம் ஐயா."

"புடுங்கறதுக்கு முன்னாடி போடு தம்பி" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.